கடைசிப் பரீட்சைக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியை நான். பிளஸ் டூவில் 41 பேர். ஒரு பையனுக்குக் காது கேட்காது, இன்னொருவனுக்குக் காலில் பாதிப்பு, ஒரு பெண்ணுக்கு அறிவுசார் குறைபாடு. பரீட்சை முடிந்ததும் பாதிப் பேர் திருப்பூர், பெங்களூரு என்று போய்விடுகிறார்கள், இந்த மாதிரிப் பிள்ளைகள் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். நான் என்ன செய்ய முடியும்?

பதில்: டீச்சர், அந்த மூன்று பேருக்கென்று தனி ஏற்பாடு எதுவும் செய்யாதீர்கள். பிரித்து வைத்தால் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மெழுகுவர்த்தி, பேப்பர் கவர் செய்கிற வேலைதான். வேலை நடக்கிற இடத்தைக் கிட்டே நின்று பார்க்காத குறை 41 பேருக்கும் பொது. அதனால் நாலு சனிக்கிழமை எல்லோரையும் சேர்த்தே அழைத்துப் போங்கள். ஒர்க்‌ஷாப், பால் குளிரூட்டும் நிலையம், மருந்துக்கடை, தையல் யூனிட் என்று பஸ்ஸில் போய்வரக்கூடிய இடங்களாக இருக்கட்டும்.

சில வருடங்களுக்கு முன் காது கேட்காத ஒரு பையனை டூவீலர் மெக்கானிக் ஒருவரிடம் கூட்டிப்போனேன். "சத்தத்தை வைத்துத்தானே கோளாறு கண்டுபிடிக்கிறோம்" என்று அவர் தயங்கினார். பையன் ஓடிக்கொண்டிருந்த வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்த்தான், பக்கத்து வண்டியையும் பிடித்துப் பார்த்தான், திரும்ப வந்து முதல் வண்டியில் இன்ஜினைத் தாங்குகிற இடத்தைத் தொட்டுக் காட்டினான். போல்ட் தளர்ந்திருந்தது. அப்புறம் அந்தக் கடையில் மாறியது ஒரே ஒரு விஷயம்: சுவரில் ஒரு சிலேட்டு வந்தது, வண்டி நம்பரும் என்ன வேலை என்பதும் அதில் எழுதப்பட்டன. அதனால் காது கேட்கிற பையன்களும் வேலையை மறப்பது நின்றது.

காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். மூன்று பேருக்கும் யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறதா, அதில் குறைபாடு எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது என்று இன்றே பாருங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடமும் அரசு வேலையில் 4 சதவீத இடமும் கேட்க முடியும். அட்டை இல்லையென்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பிடியுங்கள், மருத்துவ முகாம் எப்போது என்று அவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் மட்டும் தனியாக ஒன்று பேச வேண்டும். 18 வயது முடிந்தபின் அவளுக்குச் சட்டப்படி பாதுகாவலர் தேவைப்பட்டால், 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி கேளுங்கள். ஆனால் அவளால் தானே முடிவெடுக்க முடிகிற விஷயங்களை அவளிடமே விடச் சொல்லுங்கள்.

ஐடிஐ என்கிற தொழிற்பயிற்சி நிலையம் பற்றி நம் ஊர்களில் ஒரு இளக்காரம் இருக்கிறது, எனக்கு அது வருத்தம். அரசு ஐடிஐயில் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் 1,000 ரூபாயும் வரும். காலில் பாதிப்புள்ள பையனுக்கு உட்கார்ந்து செய்யக்கூடிய தொழிற்பிரிவு எது என்று ஐடிஐ முதல்வரிடம் நேரில் கேளுங்கள், கட்டடத்தில் படி எத்தனை, கழிப்பறை எங்கே என்பதையும் கண்ணால் பாருங்கள். பாதிப் பிள்ளைகள் நின்றுபோவது அங்கேதான். சொந்தமாகத் தொழில் செய்ய நினைக்கிறவர்களுக்கு ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் சாப்பாடு, தங்குமிடத்தோடு இலவசமாகக் கற்றுத் தருகிறது.

சரி, திருப்பூர் போகிறவர்களைத் தடுக்க வேண்டியதில்லை, ஆனால் ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பி அனுப்ப வேண்டாம். கம்பெனி முகவரி, சம்பளம் எவ்வளவு, பி.எஃப். பிடிப்பார்களா, ஹாஸ்டலில் போன் வைத்துக்கொள்ளலாமா என்று பெற்றோரே கேட்கட்டும். சம்பளத்தை மூன்று வருடம் கழித்து மொத்தமாகத் தருகிறோம் என்றால் அந்த வேலை வேண்டாம். 18 முடியாதவர்களை ஆபத்தான வேலையில் வைப்பது குற்றம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டில் 41 பேரின் போன் எண்ணும் வீட்டில் ஒருவரின் எண்ணும் எழுதிவைத்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாதம் ஒருமுறை கூப்பிடுங்கள். காது கேட்காதவனுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ கால். நான் பார்த்தவரை வேலையை விட்டு வருகிறவர்கள் இந்த மூன்று மாதத்தில்தான் வருகிறார்கள், காரணமும் சின்னதாக இருக்கும்: சாப்பாடு சேரவில்லை, சூப்பர்வைசர் திட்டிவிட்டார், கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியவில்லை. அந்த நேரத்தில் நீங்கள் கூப்பிட்டால் பேசிச் சரிசெய்ய முடிகிற விஷயங்கள்தான் இவை.