அகாதெனாங்கோ: பாதி மலை வண்டியில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் ஜனவரியில் நானும் கணவரும் மகளும் குவாத்தமாலா செல்கிறோம். அகாதெனாங்கோ எரிமலையில் ஓர் இரவு தங்கி, எதிரே உள்ள ஃபுவேகோ எரிமலை வெடிப்பதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் பயணத்தின் முதன்மையான நோக்கம். எனக்கு வயது 56. தினமும் நடக்கிறேன், ஆனால் படி இறங்கினால் வலது முழங்கால் வலிக்கும். அழைத்துச் செல்பவர்கள் மலையின் ஒரு பகுதி வரை ஜீப்பில் கொண்டுபோய் விடுவதாகவும், மிச்சத்தை நடந்தால் போதும் என்றும் சொல்கிறார்கள். பாதி தூரம் வண்டியில் போய்விட்டு மலையேறினேன் என்று சொல்லிக்கொள்வது நியாயமில்லை என்கிறாள் மகள். அவ்வளவு உயரத்துக்குச் சட்டென்று போனால் உடம்பு தாங்குமா என்பது கணவரின் கவலை. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

வண்டியிலேயே செல்லுங்கள். ஆனால் இறங்கும்போதும் வண்டி உண்டா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் வலி இறக்கத்தில் வருவது. ஏறும்போது மூச்சுதான் முதலில் திணறும். இறங்கும்போதோ ஒவ்வோர் அடியிலும் உடம்பின் எடை முழுவதும் மடங்கிய முழங்காலில் வந்து நிற்கும். அகாதெனாங்கோவின் உச்சி 3,976 மீட்டர். நடை தொடங்கும் லா சொலேதாத் கிராமம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சி வரை போனவர்கள் இந்த 1,500 மீட்டருக்கும் மேற்பட்ட இறக்கத்தை, சரியாகத் தூங்காத இரவுக்கு மறுநாள், காலடியில் சரிந்துகொண்டே இருக்கும் எரிமலை மணலில் ஒரே மூச்சில் இறங்கியாக வேண்டும். ஏறும்போது மட்டும் வண்டி என்ற ஏற்பாடு உங்களுக்குப் பாதி உதவிதான்.

ஜீப் என்று அவர்கள் சொன்னாலும், வருவது பின்புறத்தில் இரும்புச் சட்டம் பொருத்திய பிக்கப் வண்டியாகவும் இருக்கலாம். நான்கு சக்கரங்களும் இழுக்க, மிகத் தாழ்ந்த கியரில், மழைநீர் அரித்த பள்ளங்களில் ஏறி இறங்கிப் போகும் வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்புதான் எல்லாக் குலுக்கலையும் வாங்கும். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையை உங்களுக்கென்று கேட்டு வாங்குங்கள். ஜனவரி வறண்ட மாதம் என்பதால், முன்னே போகும் வண்டி கிளப்பும் புழுதி நெடுநேரம் அடங்காது. மூக்கையும் வாயையும் மூட ஒரு துணி அவசியம். பாதையில் நடந்து வருபவர்கள் அதே புழுதியைத்தான் சுவாசிக்கிறார்கள் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அவர்களைக் கடக்கும்போது வேகத்தைக் குறைக்கும்படி ஓட்டுநரிடம் சொல்லுங்கள்.

கணவரின் கவலை நியாயமானது, ஆனால் அதற்குக் காரணம் வண்டி அல்ல. மலைக்குப் போகிறவர்கள் வழக்கமாகப் புறப்படும் அந்திகுவா நகரம் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையில் கூடாரங்கள் இருப்பது ஏறத்தாழ 3,600 மீட்டரில். நடந்து போனாலும் வண்டியில் போனாலும் அந்த இரவு நீங்கள் உறங்குவது ஒரே உயரத்தில்தான். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பது மலை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. அந்திகுவாவிலிருந்து நேராகப் போகிறவர்கள் ஒரே நாளில் 2,100 மீட்டர் ஏறிவிடுகிறார்கள். நடையில் கழியும் நாலைந்து மணி நேரம் உடம்பைப் பழக்கிவிடப் போவதில்லை. நடப்பவருக்குத் தலைவலியோ குமட்டலோ வழியிலேயே தெரிந்துவிடக்கூடும், திரும்புவது பற்றி அங்கேயே யோசிக்கலாம். வண்டியில் வந்தவருக்கு அது கூடாரத்தில், இருட்டிய பிறகுதான் தெரியவரும். வண்டியால் கூடும் அபாயம் இது ஒன்றுதான்.

அதைக் குறைக்க வழி உண்டு. அந்திகுவாவுக்கு வருவதற்கு முன் இரண்டு மூன்று இரவுகள் கெட்சல்தெனாங்கோவில் தங்குங்கள். அங்குள்ளவர்கள் ஷேலா என்று அழைக்கும் அந்த நகரம் 2,330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலைக்குப் போகாவிட்டாலும் பார்க்க வேண்டிய ஊர்தான். உயரத்தில் வரும் உடல்கோளாறைத் தடுக்கும் மாத்திரை வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்லிவிடுங்கள். தலைவலியோடு வாந்தியோ நடையில் தள்ளாட்டமோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே இறங்க வேண்டும். அப்படி ஒரு தேவை வந்தால் இரவில் வண்டியை வரவழைக்க முடியுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மகளின் வாதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. சோள வயல்களுக்கு நடுவே செங்குத்தாக ஏறும் அடிவாரப் பாதைதான் பலரைச் சோர்ந்துபோகச் செய்வது. அதை நடந்து கடந்தவருக்கு மட்டுமே மலை உரியது என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் விரும்பினால் நடந்தே வரட்டும், உங்கள் வண்டியில் அவளை ஏற்ற வேண்டாம். வயல் முடிந்து, பாசி தொங்கும் மேகக்காடு, அதற்கு மேல் பைன் மரங்கள், பிறகு வெறும் சாம்பல் என்று மலை மாறிக்கொண்டே போவதை நடப்பவரால்தான் நின்று பார்க்க முடியும். அது உண்மையான இழப்பு. முழங்கால் நன்றாக இருந்திருந்தால் உங்களையும் நடக்கத்தான் சொல்லியிருப்பேன். கிராமத்தில் சுமை தூக்குபவர்கள் கிடைப்பார்கள். அவள் பையை அவர்களிடம் கொடுக்கலாம், உள்ளூர்க் குடும்பங்களுக்கு அது வருமானம்.

மிச்சப்படும் வலுவை எதில் செலவிடுவது என்பதுதான் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி. கூடாரத்துக்கு வந்து சேர்ந்த அன்று மாலையே ஃபுவேகோவின் முகட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். 2018 ஜூன் 3 அன்று அதே ஃபுவேகோவிலிருந்து இறங்கிய நெருப்புச் சாம்பல் வெள்ளம் சான் மிகேல் லோஸ் லோதெஸ் கிராமத்தை மூடிவிட்டது. கூடாரத்திலிருந்தே போதுமான அளவு பார்க்கலாம்: முதலில் செந்தணல் மேலெழுந்து சரிவில் சிதறும், சில நொடிகள் கழித்துத்தான் முழக்கம் வந்து சேரும். புறப்படும் நாளில் இன்சிவுமே என்ற அரசு நிறுவனத்தின் எரிமலை அறிக்கையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்த்து வைத்த வலுவை விடியற்காலை உச்சிக்கு வைத்திருங்கள். கூடாரத்திலிருந்து உச்சி வரையுள்ள கடைசி 400 மீட்டர் ஏற்றத்துக்கு வண்டி கிடையாது. இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். முழங்கால் வேண்டாமென்றால் கூடாரத்திலேயே இருந்துவிடுங்கள், ஃபுவேகோ அங்கிருந்தும் தெரியும். குளிரை மட்டும் இலேசாக எண்ணாதீர்கள். 2017 ஜனவரியில் இதே மலையில் 6 பேர் குளிரில் விறைத்து இறந்தார்கள். நடந்து வரும் மகள் கூடாரத்தை அடைந்ததும் வியர்வையில் நனைந்த சட்டையை முதலில் மாற்ற வேண்டும். நீங்களும் கணவரும் நடக்கும் தூரம் குறைவு என்பதால் உடம்பு சூடேறாமலே மேலே போய்ச் சேர்வீர்கள். தடித்த மேலங்கி, கையுறை, குல்லாய் மூன்றையும் வண்டியில் ஏறும்போதே கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்