வாசல் விளக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை மாற்றலாகி இந்த மலையூருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. சின்ன நகரம்தான். மலைக்குப் போனால் வானம் முழுக்க நட்சத்திரம் இருக்கும் என்று ஆசையோடு வந்தேன். மொட்டைமாடியில் நின்றால் நாற்பது, ஐம்பது எண்ணலாம், அவ்வளவுதான். எங்கள் வீட்டு வாசல் விளக்கே கண்ணைக் கூசுகிறது. ஒளிமாசு வரைபடத்தைப் பார்த்து இரண்டு இடங்களுக்குப் போனேன். வியூ பாயின்ட்டில் காலடியிலேயே ஊர் எரிந்துகொண்டிருந்தது. ஏரிக்கரையில் பனி மூடிவிட்டது. இரண்டு இடத்திலும் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். பால்வீதியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அந்த வரைபடத்தை நம்பலாமா? தொலைநோக்கி வாங்கலாமா? நல்ல இருட்டான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இடங்களின் பட்டியல் ஒன்று தந்தால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

ச.

*

அன்புள்ள ச.,

எந்த மலை, எந்த ஊர் என்றே எழுதாமல் பட்டியல் கேட்கிறீர்கள். எழுதியிருந்தாலும் தந்திருக்க மாட்டேன். இருட்டான இடம் என்று ஒன்றைப் பெயர் சொல்லி எழுதினால் அடுத்த சனிக்கிழமை ராத்திரி அங்கே இருபது கார்களின் ஹெட்லைட் நிற்கும்.

தொலைநோக்கி வேண்டாம். இப்போதைக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

இடம் தேடுவது பெரிய ரகசியம் இல்லை. வியூ பாயின்ட் என்பது ஊரைப் பார்ப்பதற்காக மனிதர்கள் தேர்ந்தெடுத்த இடம். ஊர் அங்கிருந்து தெரியத்தான் செய்யும். உங்களுக்கு வேண்டியது ஊர் தெரியாத இடம். ஊருக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு முகடு குறுக்கே நிற்க வேண்டும். ஏரிக்கரை ஏன் ஏமாற்றியது என்றால், ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும், மூடுபனி அங்கேதான் பிறக்கும். அதற்கு மேலே ஏறிவிடுங்கள். அதே பனி கீழே ஊரின் மேல் படுத்துக்கொண்டால் உங்களுக்கு யோகம், அதன் விளக்குகளுக்கு அதுவே மூடியாகிவிடும். அப்புறம் திசை. பால்வீதியின் தடித்த பகுதி விருச்சிகத்துக்கும் தனுசுக்கும் பக்கத்தில், தெற்கு வானத்தில் இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர் ஊருக்குத் தெற்கே போய் நின்றால் ஊர் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். வடக்கே போய் நின்றால், பார்க்க வேண்டிய இடத்திலேயே ஊர் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைப் பார்க்க ஏப்ரலில் என்றால் விடியலுக்கு முன், ஜூன் ஜூலையில் நள்ளிரவை ஒட்டி, செப்டம்பரில் இருட்டியதுமே. தூரம் பற்றி மெர்ல் வாக்கர் என்ற வானியலாளர் 1977இல் ஒரு கணக்கு எழுதினார். ஊரிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போனால் அதன் வெளிச்சம் பாதியாக இல்லை, ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். சின்ன ஊர்க்காரருக்கு இது நல்ல செய்தி. நாள் முழுக்க வண்டி ஓட்ட வேண்டியதில்லை.

வரைபடத்தைப் பாதி நம்புங்கள். நீங்கள் பார்த்தது அநேகமாக 2016இல் ஃபால்ச்சி என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட உலக வரைபடத்தை வைத்துச் செய்ததாக இருக்கும். அதற்கு வெளிச்சக் கணக்கு கொடுத்த செயற்கைக்கோளின் கண்ணுக்கு நீல ஒளி தெரியாது. இன்று ஊரெங்கும் போடுகிற வெள்ளை எல்இடி விளக்கில் இருப்பதோ நீலம் தூக்கலான ஒளி, வானத்தில் அதிகம் சிதறுவதும் அதுதான். வரைபடத்தில் தெரிவதைவிட உங்கள் வானம் மோசமாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினீர்களா? இதை வாசித்தபோது எனக்குக் கோபமே வந்தது. கண்ணுக்குள் இருட்டில் பார்க்க உதவும் கோல் செல்கள் முழுதாக விழித்துக்கொள்ள இருபது முப்பது நிமிடம் வேண்டும். நடுவில் ஒருதரம் செல்போனில் மணி பார்த்தால் பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்து. நீங்கள் எத்தனை தரம் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

சரி, உங்கள் கேள்விகள் முடிந்தன. ஆனால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தது இவற்றுக்காக இல்லை. நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘எங்கள் வீட்டு வாசல் விளக்கே கண்ணைக் கூசுகிறது.’ யாரோ போட்ட விளக்கைப் போல எழுதியிருக்கிறீர்கள். அதன் சுவிட்ச் உங்கள் வீட்டுக்குள்தானே இருக்கிறது?

போன மாதம் எங்கள் தெருவில் மஞ்சள் விளக்குகளைக் கழற்றிவிட்டு வெள்ளை விளக்குகளைப் போட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரு போர்வை ஞாபகமாகவே இருக்கிறது. நீலக்கோடு போட்ட பழைய போர்வை.

முன்பு குடியிருந்த வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் மின்கம்பம் ஏறி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2019 டிசம்பர். நான் அப்போதுதான் திருட்டுப் பயத்தில் வாசலில் பெரிய விளக்கு ஒன்றைப் போட்டிருந்தேன். போட்ட மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அவர் மாடிக் கொடியில் இருட்டியதும் ஒரு போர்வை தொங்க ஆரம்பித்தது. காற்றில் ஆடாமலிருக்க அடியில் இரண்டு செங்கல்லைக் கட்டிவிட்டிருந்தார். காலையில் பார்த்தால் இருக்காது. ராத்திரியில் துணி காயப்போடுகிற மனுஷனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன். அவரிடமே ஒருநாள், “பனியில காயுமா அண்ணே?” என்று கேட்டேன். “காயும் காயும்” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஒருநாள் வேலை முடிந்து நான் வீடு திரும்ப ரொம்ப நேரமாகிவிட்டது. போர்வையின் நிழலில், ஒரு நாற்காலியில் கழுத்தை அண்ணாந்து அவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மடியில் கோடு போட்ட நோட்டு.

“என்ன அண்ணே, இந்நேரத்துல?”

“திருவாதிரை மங்குது தம்பி.”

“அதுக்குப் போர்வை எதுக்கு?”

அவர் பதில் சொல்லவில்லை. என் வாசல் விளக்கை ஒருதரம் பார்த்தார். அவ்வளவுதான்.

எத்தனையோ வருடமாக அவர் அதைச் செய்துவந்திருக்கிறார். ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைப் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, வெறும் கண்ணால் எடைபோட்டு, தேதி, நேரம், ஓர் எண் என்று குறித்துவைப்பார். மாறும் நட்சத்திரங்களைக் கவனிப்பவர்களுக்கென்று 1911இலிருந்து இயங்கும் அமெரிக்கச் சங்கத்துக்கு அந்த எண்கள் போகும். பேத்தி தட்டெழுதி அனுப்புவாள். திருவாதிரை வழக்கமாக ரோகிணியைவிடப் பளிச்சென்று இருக்கும். அந்த டிசம்பரில் ரோகிணிக்குக் கீழே இறங்கிவிட்டது. பிப்ரவரியில் வேட்டைக்காரன் என்ற ஒரியன் நட்சத்திரக் கூட்டத்தின் இரண்டு தோள்களும், அதாவது திருவாதிரையும் பெல்லாட்ரிக்ஸும், கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆகிவிட்டன. உலகமே அது வெடிக்கப் போகிறதா என்று பேசிக்கொண்டிருந்தது. வெடிக்கவில்லை. அந்த நட்சத்திரமே கக்கிய தூசி அதன் முகத்தை மறைத்தது என்று பிறகு வானியலாளர்கள் கண்டார்கள். 2020 மே மாத வாக்கில் பழைய ஒளிக்குத் திரும்பிவிட்டது.

அந்த மங்கல் முழுவதையும் ஓர் ஆள் என் விளக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறார். என் வீட்டு ஃபியூஸைப் பிடுங்குவது அவருக்கு ஒரு நிமிட வேலை. வாய்விட்டுக் கேட்டிருந்தால் இன்னும் சுலபம். கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரனின் பயத்தை மதித்து, தன் வீட்டுப் போர்வையை எடுத்துக் கட்டினார். அன்று ராத்திரியே விளக்கை அணைத்துவிட்டேன். அதன் பிறகும் ஒரு வாரம் போர்வை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

திருடன் வருவான் என்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். இன்று ராத்திரி ஒன்று செய்யுங்கள். வாசலில் நின்று, கையைத் தூக்கி, விளக்கு மட்டும் மறைகிற மாதிரி கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு கேட்டைப் பாருங்கள். கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். கேட்டுக்குப் பின்னால் ஆள் நின்றால் எப்போது தெரிகிறது? கண்ணில் அடிக்கிற விளக்கு காவல்காரன் கண்ணைக் கட்டிவிடுகிறது. விளக்குக்குப் பின்னால் இருக்கும் இருட்டில் திருடன் சௌகரியமாக நிற்பான்.

ஒரு விளக்கால் என்ன ஆகிவிடும் என்பது அடுத்த கேள்வி, இதையும் நான் நிறையக் கேட்டாயிற்று. ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் இங்கே வந்து நிற்கிறோம். உலகமெங்கும் சாதாரண மனிதர்கள் வெறும் கண்ணால் பார்த்து அனுப்பிய கணக்குகளை கைபா என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் தொகுத்து 2023இல் வெளியிட்டார்கள். 2011லிருந்து 2022 வரை வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாகப் பத்து சதவீதத்தை ஒட்டிக் கூடியிருக்கிறது. 250 நட்சத்திரம் தெரிகிற இடத்தில் இன்று பிறக்கும் குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்போது அங்கே நூறுதான் தெரியும். உங்கள் நாற்பதும் ஐம்பதும் அதே கணக்கில்தான் கரைகின்றன. நீங்கள் ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம் தள்ளி ஓர் இடம் தேடிக்கொண்டே போகலாம். பெட்ரோல் இருக்கிறவரைக்கும்.

மலையூர் என்பதால் இன்னொன்று சொல்கிறேன். அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் என்று ஒரு மலைநகரம் இருக்கிறது. சுமார் 2,100 மீட்டர் உயரம், எழுபதாயிரத்துக்கு மேல் ஜனம். அங்கே 1894இல் தொடங்கிய லோவல் ஆய்வகத்தில்தான் 1930இல் புளூட்டோவைக் கண்டுபிடித்தார்கள். விளம்பரத்துக்காக வானத்தில் அடிக்கிற தேடுவிளக்குகளை 1958லேயே அந்த ஊர் தடைசெய்தது. பிறகு விளக்குகளுக்கு மூடி, கீழ்நோக்கிய வெளிச்சம், மஞ்சள் நிறம், ஒரு மனைக்கு இவ்வளவு ஒளிதான் என்ற வரம்பு என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்கள். 2001இல் உலகின் முதல் இருள்வான நகரமாக அறிவிக்கப்பட்டது. ஊருக்குள் நின்றே பால்வீதியைப் பார்க்கிறார்கள். அங்கேயும் கடை இருக்கிறது, ரோடு இருக்கிறது, திருடனும் இருப்பான்.

உங்கள் நகராட்சியிடம் போய் நாளைக்கே சண்டை போடுங்கள் என்று சொல்லவில்லை. வாசல் விளக்குக்கு ஒரு தகர மூடி செய்து மாட்டுங்கள், வெளிச்சம் படியில் விழட்டும். பல்பை மஞ்சளாக மாற்றுங்கள். படுக்கப் போகும்போது அணையுங்கள். பக்கத்து வீட்டு விளக்கு கூசினால் என் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி சும்மா இருக்காதீர்கள், போய்ச் சொல்லுங்கள். அவர் சும்மா இருந்தது பெருந்தன்மை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் முதல் நாளிலிருந்தே அந்த மங்கலைப் பார்த்திருப்பேனே என்று அவர்மேல் சின்ன வருத்தம்.

அமாவாசையை ஒட்டி ஒருநாள் அந்த முகட்டுக்கு அப்பால் போங்கள். பின்கண்ணாடியில் ஊர் மறைகிறவரை வண்டியை நிறுத்தாதீர்கள். நிறுத்தியதும் உள்விளக்கு, டார்ச், போன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா படுத்திருங்கள். பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டேன் என்று மறுபடி கடிதம் போட்டால் பதில் எழுத மாட்டேன்.

அன்புடன்.