இலங்கையிலும் ஒன்லைன் சூதாட்டத்துக்குத் தடை வந்தால் என்ர தம்பி நிப்பாட்டுவானோ?

சட்டத்தை மட்டும் நம்பி இருக்காதேங்கோ. வெளிநாட்டில இருந்து காசு அனுப்பிற அக்காவோ அண்ணாவோ எண்டு நினைச்சு எழுதுறன், பிழையெண்டால் மன்னிக்கவும்.

நீங்கள் கேள்விப்பட்ட முழுத்தடை இந்தியாவின்ர. 2025 ஓகஸ்டில அங்க வந்த சட்டப்படி, காசு வைச்சு ஆடுற ஒன்லைன் விளையாட்டை நடத்தினால் 3 வருசம் வரை சிறை, 1 கோடி இந்திய ரூபா வரை தண்டம். ஆடுறவனுக்குத் தண்டனை இல்லை. இலங்கையில அதே வருசம் வந்தது சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம். பேரைப் பாருங்கோ, 'ஒழுங்குபடுத்தல்'. வெள்ளைக்காரன் காலத்துச் சூதாட்டக் கட்டளைச்சட்டத்தையும் 2010 கசினோச் சட்டத்தையும் தூக்கிப்போட்டு, ஒன்லைனையும் அனுமதிப்பத்திரத்துக்குள்ள கொண்டுவாறதுதான் நோக்கம். அனுமதி எடுத்தவன் நடத்தலாம்.

அனுமதி இல்லாத தளத்தை முடக்கினால்? பெரும்பாலும் மறிபடுறது தளத்தின்ர பேர் மட்டும்தான். பேருக்குப் பின்னால ஒரு இலக்கத்தைச் சேர்த்து அதே தளம் திரும்ப வரும், புது லிங்க் டெலிகிராமில விழும். 2018 மார்ச்சில இலங்கையில ஃபேஸ்புக்கை மறிச்ச கிழமையே சனம் தடையைச் சுத்திப்போற விபிஎன் செயலிகளைப் பழகீட்டுது.

மறிக்கவேண்டியது காசை. டெபாசிட் எண்டு அமத்தினால் கனதரம் வாறது ஒரு உள்ளூர் ஆளின்ர வங்கிக் கணக்கு இலக்கம். அதுக்குக் காசை மாத்தி, ரசீதைப் படம்பிடிச்சு அனுப்பினால் கொஞ்ச நேரத்தில பொயின்ற்ஸ் ஏறும். அந்தக் கணக்கு அடிக்கடி மாறும். தம்பியின்ர வங்கிக் கூற்றை வாங்கிப் பாருங்கோ: முன்பின் தெரியாத பேருகளுக்கு 2,000, 5,000 எண்டு முழு எண்ணில, நடுச்சாமத்தில, பத்து நிமிச இடைவெளியில போயிருந்தால் வேற விளக்கம் தேவையில்லை.

அவன்ர கணக்குக்குக் காசு வந்தும் இருக்கோ எண்டு கட்டாயம் பாருங்கோ. சில பெடியள் கணக்கையும் ஏரிஎம் காட்டையும் தளத்துக்குக் காசு சேர்க்கிற ஏஜென்டுக்கு வாடகைக்குக் குடுக்கினம். அது 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்துக்குள்ள போய் முடியலாம். தோத்த காசை உழைக்கலாம், இதில இருந்து வெளிய வாறது லேசில்லை.

அவனையும் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போய், ஒரு நாளைக்கு மாத்தக்கூடிய தொகையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் குடுக்கச் சொல்லுங்கோ. அப்பில குறைச்சால் அவனே இரவு கூட்டிப்போடுவான். தொலைபேசியில முயற்சிக்க வேண்டாம். தமிழுக்கு உரிய இலக்கத்தை அமத்தினால் பாட்டுத்தான் கேக்கும், கடைசியில சிங்களத்தில ஒரு பிள்ளை கதைக்கும். சேவைக் கட்டணம் மட்டும் எல்லாருக்கும் ஒரே அளவு! சரி, விடுவம். ஏரிஎம் காட்டில இணையக் கொடுப்பனவையும் நிப்பாட்டுங்கோ. நீங்கள் அனுப்பிற காசு கல்விக் கட்டணமோ அடகுக்கடை வட்டியோ, நேர உரிய இடத்துக்குப் போகட்டும்.

'நான் வெண்டனான்' எண்டு கீழ ஆரும் எழுதுவினம். வெல்லலாம், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் ரெண்டு பக்கமும் சமமான போட்டியில வெண்டால் ஒரு ரூபாவுக்கு 1.90 தாறான் எண்டால், 100 ரூபாவுக்குச் சராசரியாத் திரும்பிறது 95. 5,000 போட்டால் 5,000 போனஸ், அதை 30 தரம் சுழட்டினால்தான் எடுக்கலாம் எண்டுவான். 150,000 ரூபாவுக்குப் பந்தயம் கட்டவேணும். அதில சராசரியாத் தோக்கிற 5 வீதம் 7,500. தந்த போனஸை விடக் கூட!

வெண்ட காசை எடுக்க முதல் 'வரி' கட்டச் சொன்னால் ஒரு சதமும் கட்டவேண்டாம். குடுக்கிற எண்ணம் இருக்கிறவன் வெண்ட காசிலயே கழிச்சுப்போட்டுத் தருவான்.