சமூகப்பணி படிக்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டேன். சமூகப்பணியில் பட்டம் வாங்கி, முதியோர் பராமரிப்புத் துறையில் வேலைக்குப் போக ஆசை. பாட்டி படுத்த படுக்கையாகக் கிடந்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் நான். அப்பாவோ, “நாலு பேருக்கு உதவ மனசு இருந்தால் போதாதா, அதற்கு எதற்குப் பட்டம்? சம்பளமும் பெரிதாக வராது” என்கிறார். எனக்கும் ஒரு பயம் உண்டு. யாராவது கஷ்டத்தைச் சொன்னால் உடனே அழுதுவிடுவேன். இந்தப் படிப்பு எனக்குச் சரிப்படுமா?

க.

அன்புள்ள க.,

அப்பாவின் கேள்வி நூறு வருஷத்துக்கு முன்பே மேடையேறியது. 1915-இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் சமூகப்பணியாளர்களின் மாநாட்டுக்கே போய், உங்கள் வேலை இன்னும் முழுமையான தொழில்துறை ஆகவில்லை, கற்றுத்தரும்படியான தனி முறை உங்களிடம் இல்லை என்று பேசினார். இத்தனைக்கும் 1898-லேயே நியூயார்க்கில் ஆறு வாரக் கோடைப் பயிற்சியாக இந்தப் படிப்பு தொடங்கிவிட்டது. 1917-இல் மேரி ரிச்மண்ட் என்ற அமெரிக்கச் சமூகப்பணியாளர் ‘சோஷியல் டயக்னோசிஸ்’ என்று ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்தார். ஒரு குடும்பத்தின் நிலைமையை எப்படி விசாரிப்பது, யார் சொல்வதை எவ்வளவு தூரம் நம்புவது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். மனசு மட்டும் போதும் என்றால் அவர் அவ்வளவு மெனக்கெட்டிருக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், உதவத் துடிக்கும் மனசைக் கொஞ்சம் நிறுத்திவைக்கப் பழகுவதுதான் இந்தப் படிப்பு. அது வகுப்பறையில் வராது, களப்பணியில்தான் வரும். ஒருவரைச் சந்தித்துவிட்டு வந்ததும், அவர் பேசியது, நாம் பேசியது, அப்போது நமக்குள் ஓடியது எல்லாவற்றையும் வரி வரியாக எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும். மாணவர்களுக்குப் பிடிக்காத வேலை. ஒரு மாணவி எழுதிக் கொடுத்ததைப் படித்திருக்கிறேன். குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு முதியவரைப் பற்றியது. சுத்தம், ஆரோக்கியம் என்று அவள் பேசியது ஒரு பக்கத்துக்கு வந்திருந்தது. பெரியவர் பேசியதோ நாலு வரி. அதில் இரண்டு இடத்தில் ‘கதவு’ என்று இருந்தது. மேற்பார்வையாளர் அந்த இரண்டையும் வட்டமிட்டு, “இதை ஏன் கேட்கவில்லை?” என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அடுத்த முறை கேட்டாள். ஊழியர்கள் தங்கள் வசதிக்காகக் குளியலறைக் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு அவரைக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து கதவைச் சாத்தினார்கள். அப்புறமும் சில நாள் முரண்டு பிடித்தார், அது வேறு விஷயம்.

அதனால், சேரும் முன் பாடத்திட்டத்தை விடக் களப்பணியைப் பற்றி அதிகம் விசாரியுங்கள். அமெரிக்காவில் இளநிலைக்குக் குறைந்தது 400 மணி நேரம், முதுநிலைக்கு 900 மணி நேரம் களத்தில் இருந்தாக வேண்டும். நீங்கள் சேரும் இடத்தில் எவ்வளவு? எழுதிக் கொடுப்பதை உண்மையிலேயே படிக்கிற மேற்பார்வையாளர் உண்டா? மாணவர்களைக் கோப்பு அடுக்கும் வேலைக்கு அனுப்பிக் கணக்குக் காட்டும் கல்லூரிகளும் இருக்கின்றன. கடைசி வருஷ மாணவர்களிடம் தனியாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

பாட்டியைப் பார்த்துக்கொண்ட அனுபவம் பெரிய பலம்தான். ஆனால் பாட்டிக்கு உங்களைப் பிடிக்கும். வேலையில் பார்க்கப்போகிறவர்களில் சிலர் உங்களை வாசலிலேயே நிற்கவைப்பார்கள். குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவுக்குப் போனால், பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கலாமா என்று அறிக்கை எழுதவேண்டி வரும். அந்த அதிகாரத்தை நினைத்துக் கொஞ்சம் பயப்படுகிறவர்கள்தான் இதற்கு வரவேண்டும்.

அழுகையைப் பற்றிக் கவலை வேண்டாம். கண் கலங்குவது தப்பில்லை. உங்களைச் சமாதானப்படுத்தும் வேலை எதிரே இருப்பவர் தலையில் விழாமல் பார்த்துக்கொண்டால் சரி. மேற்பார்வையாளரிடம் வந்து அழலாம், அதற்கும் சேர்த்துத்தான் அவர் இருக்கிறார். வருஷக்கணக்கில் எதுவுமே உறைக்காமல் போகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

சம்பள விஷயத்தில் அப்பா சொல்வது நியாயம். பெரும்பாலான இடங்களில் உழைப்புக்கு ஏற்ற கூலி கிடையாது. ஆனால் பட்டம் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் கிடைக்கிற வேலையே வேறு. இங்கிலாந்தில் 2005 முதல், பதிவு பெறாதவர் தன்னைச் சமூகப்பணியாளர் என்று சொல்லிக்கொள்வதே சட்டப்படி குற்றம். பதிவுக்கு அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும். நீங்கள் வேலை பார்க்க நினைக்கும் நாட்டில் விதி என்ன, உங்கள் கல்லூரியின் பட்டம் அங்கே செல்லுமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். விடுமுறையில் ஒரு முதியோர் இல்லத்தில் சில வாரம் தன்னார்வலராகப் போய் வாருங்கள். முடிந்தால் அப்பாவையும் ஒருநாள் அழைத்துப் போங்கள்.