பார்சிபாகன் சந்தில் ஒரு சங்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்கத்தாவின் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் பற்றி ஓர் உரையில் மிகவும் உயர்வாகச் சொன்னீர்கள். ஆங்கிலேய ஆட்சியில் நன்றாகப் படித்த சில வங்காளிகள் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய வியன்னா மருத்துவர் ஃப்ராய்டின் கிளை ஒன்றை நடத்தினார்கள், அவ்வளவுதானே? இந்தியச் சிந்தனை வரலாற்றில் அதற்கு ஏன் இடம் தர வேண்டும்?

கே.

அன்புள்ள கே.,

நன்றாகப் படித்த வங்காளிகள் என்பது சரி. கிளை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

1922இல் கிரீந்திரசேகர் போஸ் அந்தச் சங்கத்தைத் தொடங்கியது 14, பார்சிபாகன் சந்தில் இருந்த தன் குடும்ப வீட்டில். ஏற்கெனவே நண்பர்கள் கூடி மணிக்கணக்கில் பேசும் அட்டா நடந்துகொண்டிருந்த வீடு அது. தொடக்க உறுப்பினர்கள் 15 பேர். அவர்களில் பெரும்பாலோர் உளவியலோ தத்துவமோ கற்பித்த கல்லூரி ஆசிரியர்கள். இது முக்கியம் என்று நினைக்கிறேன். நோயாளியைக் குணப்படுத்துவதோடு நிற்காமல், மனம் என்றால் என்ன என்று விவாதிக்கப் பழகியவர்கள் அவர்கள்.

போஸ் மருத்துவர். 1921இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். விருப்பங்களை மனம் எப்படி அழுத்திவைக்கிறது என்பதுதான் ஆய்வு. அந்த ஆய்வு நூலை ஃப்ராய்டுக்கு அனுப்பினார், கடிதத் தொடர்பு 1930களிலும் நீடித்தது. அந்தக் கடிதங்களில் மரியாதை நிறைய உண்டு, பணிவு குறைவு. ஒவ்வொரு விருப்பமும் தன் எதிர் விருப்பத்தோடு சேர்ந்தே பிறக்கிறது, அதில் ஒன்று உள்ளே அழுத்தப்படுகிறது என்பது போஸின் கோட்பாடு. அடிக்க விரும்புகிறவனுக்குள் அடிபடும் விருப்பமும் இருக்கிறது. ஆகவே சிகிச்சையில் எதிராளியின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கச் சொல்வார்.

1929இல் இன்னும் ஒரு படி போனார். தந்தை தன் ஆண்மையைப் பறித்துவிடுவார் என்ற அச்சத்தை ஃப்ராய்ட் மையத்தில் வைத்தார் அல்லவா? தன் இந்திய நோயாளிகளிடம் அது ஐரோப்பியர்களிடம் தெரிகிற அளவுக்குத் தெரியவில்லை, பெண்ணாக இருக்கும் விருப்பம்தான் எளிதாக வெளிவருகிறது என்று அவருக்கே எழுதினார். ஃப்ராய்ட் அக்கறையோடு படித்தார், ஒப்புக்கொள்ளவில்லை. போஸும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் உறவு முறியவில்லை. 1931இல் ஃப்ராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்குச் சங்கம் ஒரு தந்த விஷ்ணு சிலையை அனுப்பியது. அவர் அதைத் தன் மேசைமேல் வைத்துக்கொண்டார்.

உங்கள் சந்தேகத்துக்கு வலு சேர்க்கும் பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அதே சங்கத்தில் பெர்க்லி-ஹில், டேலி என்ற இரு ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளும் இருந்தார்கள். இந்துக்களின் குணத்தையே ஒரு குழந்தைப்பருவக் கோளாறுபோல விளக்கினார் முன்னவர். பின்னவர் விடுதலைப் புரட்சியாளர்களின் அரசியலை நோய்க்கூறாகப் படித்தார். ஆள்பவனின் கையில் நனவிலி, அதாவது நாம் அறியாமலே நமக்குள் இயங்கும் மனம் பற்றிய கருத்து, ஓர் ஆயுதமாக மாறியது அங்கே. அதே அறையில் உட்கார்ந்து அதே கருவியை வைத்து, ஐரோப்பிய மனம் எல்லோருக்குமான அளவுகோல் இல்லை என்று போஸ் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இந்தச் சங்கம் பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

அப்புறம், அவர்கள் பேச்சோடு நிற்கவில்லை. 1933இல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் போஸ் மனநல வெளிநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். பொது மருத்துவமனைக்குள் அப்படி ஒன்று இந்தியாவில் அதுவே முதல். மனநோய் என்றாலே ஊருக்கு வெளியே பூட்டிவைப்பது என்றிருந்த காலம். 1940இல் சங்கம் லும்பினி பார்க் மனநல மருத்துவமனையைத் திறந்தது. அதற்கு வீடும் நிலமும் தந்தவர் அண்ணன் ராஜசேகர் போஸ், பரசுராம் என்ற பெயரில் வங்காளிகளைச் சிரிக்கவைத்த எழுத்தாளர். 1947இல் சங்கத்தின் இதழ் ‘சமீக்ஷா’ வந்தது.

1953இல் போஸ் மறைந்தபின் அந்தத் துணிவு சங்கத்தில் தொடரவில்லை என்பது என் வருத்தம். தலைவர் ஒருவரையே இவ்வளவு சார்ந்திருந்தது அதன் பெரிய பலவீனம். எதிர் விருப்பக் கோட்பாட்டை எடுத்து வளர்க்கவோ உடைக்கவோ அடுத்த தலைமுறையில் பெரிய ஆள் வரவில்லை.

போஸ்–ஃப்ராய்ட் கடிதங்களைச் சங்கமே சிறு நூலாக வெளியிட்டிருக்கிறது. கிடைத்தால் 1929ஆம் ஆண்டுக் கடிதங்களிலிருந்து தொடங்குங்கள். படித்துவிட்டு, அவை ஒரு கிளை தன் தலைமையகத்துக்கு எழுதியவையா என்று எனக்கு எழுதுங்கள்.