கனடாவின் ஒன்டாரியோ கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் மகன் ஒரு பாடத்தில் தோற்றுவிட்டான், பள்ளி முடிப்புப் பட்டயம் கிடைக்குமா?

தேவைகளை முடித்தால் கிடைக்கும். முக்கியமானவை 30 கிரெடிட், 40 மணிநேர சமூகசேவை, எழுத்தறிவுத் தகுதி. ஒரு கிரெடிட் 110 மணிநேரப் பாடம். தோற்றதை முழுதாகத் திரும்பப் படிக்கத் தேவையில்லாமலும் போகலாம்: 'கிரெடிட் மீட்பு' வகுப்பில் விட்ட பகுதிகளை மட்டும் முடிக்கலாம். ஆனால் பாதியில் விலகிய பாடத்துக்கு இது கிடையாது. அதனால் பயந்து விலகுவதற்குமுன் வழிகாட்டல் ஆசிரியரைப் பாருங்கள்.

எழுத்தறிவுத் தேர்வு 10ஆம் வகுப்பில். தவறினால் மறுபடி எழுதலாம், அல்லது அதற்கான தனிப் பாடம் எடுக்கலாம். சமயப் பாடமும் கிரெடிட்தான், அலட்சியம் வேண்டாம்.

பலர் மாட்டிக்கொள்வது சேவை மணிநேரத்தில். சம்பள வேலையும் வீட்டு வேலையும் கணக்கில் சேராது. 9ஆம் வகுப்புக்கு முந்திய கோடையிலேயே தொடங்கலாம். சேவை செய்த இடத்தில் கையொப்பத்தை அன்றன்றே வாங்கிவிடுங்கள்.