பாய்லர்காரர் பதில்கள்

முதலில் ஒரு திருத்தம். "கெட்டிலின் மூக்கிலிருந்து வெள்ளையாக நீராவி வரும்" என்று சென்ற இதழில் எழுதிவிட்டேன். கரூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அஞ்சலட்டையில் ஒரே வரி எழுதியிருக்கிறார்: "நீராவி கண்ணுக்குத் தெரியாது." அவர் சொல்வதே சரி. கெட்டில் மூக்கை ஒட்டி ஒரு விரற்கடை அளவுக்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். நீராவி அங்கேதான் இருக்கிறது. அதற்கு அப்பால் வெள்ளையாகத் தெரிவது, ஆவி குளிர்ந்து மறுபடி பொடித் துளிகளாகிவிட்ட தண்ணீர். முப்பத்தொரு வருடம் சர்க்கரை ஆலையின் பாய்லர் அறையில் நின்றவன் இப்படி எழுதியிருக்கக் கூடாது. உயர் அழுத்தக் குழாயில் ஓட்டை விழுந்தால் சீற்றம் காதில் விழும், ஆவி கண்ணில் படாது. கையை நீட்டித் தேடினால் கை மிஞ்சாது. கம்பு நுனியில் கந்தலைக் கட்டி நீட்டுவோம். கந்தல் படபடக்கும் இடத்தில் ஓட்டை இருக்கும்.

சோறு கொதி வந்ததும் அடுப்பைக் குறைத்தால் வேக நேரமாகும் என்கிறார் மாமியார். குறைத்தாலும் அதே நேரத்தில் வெந்துவிடும் என்கிறேன் நான். யார் பக்கம் நியாயம்?
— ஒரு வாசகி, பழனி

குடும்ப வழக்கில் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். திறந்த பானையாக இருந்து, கொதி அடங்காத அளவுக்குத் தீயும் இருந்தால் உங்கள் பக்கம்தான். தண்ணீர் 100 டிகிரியைத் தொட்டதும் அதற்கு மேல் ஓர் அடி எடுத்துவைக்காது. நீங்கள் எரிக்கும் மிச்சத் தீயெல்லாம் தண்ணீரை ஆவியாக்கி ஜன்னல் வழியே அனுப்பிவைக்கிறது. அரிசிக்கு உறைப்பது அந்த 100 டிகிரி மட்டுமே. குக்கரிலும் இதே கதைதான். வெயிட்டைத் தூக்கும் அழுத்தத்தில் உள்ளே ஏறத்தாழ 120 டிகிரி. விசில் வந்த பிறகு தீயைக் கூட்டினால் விசில்தான் கூடும்.

மாமியாருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழனியிலிருந்து மலையேறிக் கொடைக்கானலில் உலை வைத்தால், காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே திறந்த பானையில் சோறு வேக நேரமாகத்தான் செய்யும்.

கொதிநீரும் 100 டிகிரி, நீராவியும் 100 டிகிரி. ஆவி பட்டால் மட்டும் புண் ஏன் அவ்வளவு மோசமாகிறது?
— பதினோராம் வகுப்பு மாணவர், திருக்கோவிலூர்

தம்பி, இதற்குப் பதில் என் இடது மணிக்கட்டில் எழுதியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது அரவைப் பருவத்தில் ஒரு வால்வைத் திறக்கப்போய் வாங்கிக்கொண்ட தழும்பு. கொதிநீர் பட்ட புண் அதற்கு முன்னும் உண்டு. பத்து நாளில் ஆறிவிடும். இது ஆற மூன்று மாதமாயிற்று.

டிகிரி என்பது வெப்பநிலை. ஒரு பொருளிடம் எவ்வளவு வெப்பம் கைவசம் இருக்கிறது என்பது வேறு கணக்கு. பேச்சில் இரண்டையும் "சூடு" என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் இது. ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்ற 293 கிலோஜூல் போதும். அந்தக் கொதிநீரை முழுவதும் ஆவியாக்க இன்னும் 2,257 கிலோஜூல் வேண்டும். முதல் செலவைப்போல் ஏழரை மடங்குக்கும் மேல்! இவ்வளவும் உள்ளே போகும்போது வெப்பமானி ஒரு கோடுகூட நகராது. ஆவி உங்கள் தோலில் பட்டு நீராகும்போது ஒளித்து வைத்த அத்தனையையும் அதே இடத்தில் கொட்டிவிடும். கொதிநீர் ஒரு கிராம் உடல் வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் 263 ஜூல். ஆவி ஒரு கிராம் என்றால் 2,520 ஜூல். என் தழும்புக்குக் காரணம் இந்த வித்தியாசம்தான்.

இதைக் கணக்குப் போட்டு நிறுவியவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோசப் பிளாக். 1760களின் தொடக்கம். கொதிநிலையைத் தொட்ட தண்ணீர் இன்னும் சிறிது சூடு கொடுத்தால் ஆவியாகிவிடும் என்று அன்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்படியானால் கொதி வந்த கணத்தில் பானைத் தண்ணீர் முழுவதும் வெடித்துக் கிளம்பியிருக்க வேண்டாமா என்று பிளாக் கேட்டார். அதே பல்கலைக்கழகத்தில் கருவிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட், தன் எடையைப்போல் ஆறு மடங்கு தண்ணீரை ஆவி கொதிக்க வைத்துவிடுவதைக் கண்டு திகைத்துப்போய் அவரிடம் ஓடினார். 'உள்ளுறை வெப்பம்' என்ற விளக்கம் அங்கே கிடைத்தது.

என்னைக் கேட்டால் வாட்டைவிட நார்பர்ட் ரில்லியூ என்பவர்தான் இந்த வெப்பத்தின் மதிப்பை நன்றாக அறிந்தவர். சர்க்கரை ஆலைக்காரன் ஓரவஞ்சனை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1806இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தார். தாய், அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினப் பெண். தந்தை வெள்ளையர். மகனைப் பாரிஸுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். அந்தக் காலத்து லூசியானாவில் கரும்புச் சாற்றைக் கொப்பரை கொப்பரையாகக் காய்ச்சினார்கள். கொதிக்கும் சாற்றை அகப்பையால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மொண்டு ஊற்றியவர்கள் அடிமைகள். வெந்துபோன கைகளுக்குக் கணக்கே இல்லை. கொப்பரையிலிருந்து எழுந்த ஆவியோ வீணாக வானத்துக்குப் போயிற்று.

அந்த ஆவியை விடக்கூடாது என்பதே ரில்லியூவின் யோசனை. 1843இல் காப்புரிமை பெற்றார். முதல் கலத்தில் சாறு கொதித்து எழும் ஆவி, இரண்டாவது கலத்துச் சாற்றுக்கு அடுப்பாகும். இரண்டாவதன் ஆவி மூன்றாவதற்கு. கலத்துக்குக் கலம் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் சாறு குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். எங்கள் ஆலையில் நான்கு கலங்கள்; 'பாடி' என்போம். கடைசிப் பாடியில் வெற்றிடத்தின் தயவில் சாறு 60 டிகிரிக்குள்ளேயே கொப்பளிக்கும். கண்ணாடித் துளை வழியே முதன்முதல் அதைப் பார்த்த அன்று நான் நம்பவில்லை.

நூறு கிலோ சாற்றில் பதினைந்து கிலோ கரைபொருள் என்றால், அறுபது சதவீதப் பாகாக்க 75 கிலோ தண்ணீரை விரட்ட வேண்டும். ஒரே கொப்பரை என்றால் 75 கிலோவுக்குக் குறையாமல் ஆவி செலவாகும். நான்கு பாடி என்றால் இருபது கிலோ அளவில் முடிந்துவிடும். அதனால்தான் பிழிந்த கரும்பின் சக்கையை எரித்தே ஆலை ஓடுகிறது.

தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் ஒரு சமயம் 'சுர்' என்று உடனே வற்றுகிறது. இன்னொரு சமயம் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. கல் ஒன்றுதானே?
— சிற்றுண்டிக் கடை உரிமையாளர், மதுரை

கல் ஒன்று, சூடு வேறு. உருண்டு ஓடும்போதுதான் கல் அதிகமாகக் காய்ந்திருக்கிறது. ஏறத்தாழ 200 டிகிரியைத் தாண்டிய கல்லில் துளியின் அடிப்பகுதி விழுந்த கணமே ஆவியாகி மெத்தைபோல் விரிந்துவிடுகிறது. துளி கல்லைத் தொடாமல் அந்த மெத்தைமேல் மிதக்கிறது. ஆவி வழியே வெப்பம் மிக மெதுவாகத்தான் கடக்கும். ஆகவே சூடு கூடிய கல்லில் துளி நெடுநேரம் உயிர்வாழ்கிறது. ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் 1756இல் இதை எழுதிவைத்தார். உங்கள் மாஸ்டருக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது. ஆனால் முத்து ஓடினால் மாவு ஊற்றக்கூடாது, இன்னும் தண்ணீர் தெளித்துத் துடைக்க வேண்டும் என்பது தெரியும்.

பாய்லர் குழாய்க்குள் இப்படி ஆவித்திரை படிந்தால் முத்து அழகெல்லாம் பார்க்க முடியாது. சூட்டை வாங்கிக்கொள்ளத் தண்ணீர் தொடாத இடத்தில் குழாய் சிவந்து வீங்கும். பிறகு பிளக்கும்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்து மின்விசிறியையும் போட்டால் அறை குளிருமா?
— ஒரு வாசகர், வேலூர்

இரண்டும் சேர்ந்து அறையைச் சூடாக்கும். பெட்டி முன்பக்கம் வாங்கும் வெப்பத்தையும், தான் தின்ற மின்சாரத்தையும் பின்பக்கம் அறைக்குள்ளேயே விடுகிறது. பழைய மின்விசிறி 75 வாட் என்றால் அந்த 75 வாட்டும் கடைசியில் அறைக்குள் வெப்பம்தான். உங்களுக்குச் சில்லென்று இருப்பது வியர்வை காய்வதால். ஆளில்லாத அறையில் விசிறியை அணைத்துவிடுங்கள்.

திருச்சியில் இருந்தவரை மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருந்தது. சென்னைக்கு அதே பானையைக் கொண்டுவந்தேன். பயனில்லை. பானை கெட்டுவிட்டதா?
— ஒரு வாசகி, சென்னை

பானைமேல் பழி வேண்டாம் அம்மா, கடற்காற்றைக் கேளுங்கள். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர், ஆவியாவதற்கான வெப்பத்தை உள்ளிருக்கும் தண்ணீரிடமே வாங்குகிறது. பத்து லிட்டரில் ஒரு டிகிரி இறங்க 17 கிராம் நீர் ஆவியானால் போதும், மூன்றரைத் தேக்கரண்டி. காற்று உலர்ந்திருந்தால் அது விறுவிறுவென்று நடக்கும். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் புதிய ஆவிக்கு அங்கே இடம் குறைவு. பானையைச் சமையல் மேடையின் மூலையிலிருந்து எடுத்துக் காற்றோட்டமான ஜன்னலோரம், முக்காலிமேல் வையுங்கள். வெளிப்புறம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் காயவிடுங்கள். கொஞ்சம் முன்னேற்றம் தெரியும். திருச்சி திரும்பாது.

என்ட்ரோபி என்றால் 'ஒழுங்கின்மை' என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கிறது. புரியத்தான் இல்லை.
— பொறியியல் மாணவி, நாகர்கோவில்

தேர்வில் அதையே எழுதுங்கள். புரிவதற்குக் குளியலறைக்குப் போவோம். 90 டிகிரியில் ஒரு லிட்டர் வெந்நீர், 30 டிகிரியில் ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீர். இரண்டையும் விளாவினால் 60 டிகிரியில் இரண்டு லிட்டர். வெந்நீர் இழந்தது 125 கிலோஜூல், பச்சைத் தண்ணீர் பெற்றதும் அதே 125. ஒரு ஜூல்கூடக் காணாமல் போகவில்லை. ஆனால் ஏதோ ஒன்று போய்விட்டது. விளாவுவதற்கு முன் அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டி எந்திரத்தை ஓட்டியிருக்கலாம். அருவி விழும் உயரம் இருந்தால்தான் சக்கரம் சுற்றும் என்பதுபோல், வெப்பநிலையில் இறக்கம் இருந்தால்தான் வெப்பம் வேலை செய்யும் என்று 1824இலேயே சொன்னார் பிரெஞ்சுப் பொறியாளர் சாதி கார்னோ. அப்போது அவருக்கு வயது 28. விளாவிய நீரில் இறக்கமும் இல்லை, எந்திரமும் ஓடாது.

அந்த இழப்பை எழுத 1865இல் ஜெர்மானிய இயற்பியலாளர் கிளாசியஸ் வைத்த பெயர் என்ட்ரோபி. கைமாறும் வெப்பத்தை, அது கைமாறும் கெல்வின் வெப்பநிலையால் (நம் டிகிரியோடு 273 கூட்டியது) வகுத்துக்கொண்டே போக வேண்டும். வெந்நீரின் கணக்கில் 361 குறைகிறது. பச்சைத் தண்ணீரின் கணக்கில் 395 ஏறுகிறது. தொகை ஒன்றே என்றாலும், சூடானவரிடம் பெரிய எண்ணால் வகுக்கிறோம், குளிர்ந்தவரிடம் சிறிய எண்ணால். மிச்சம் 34 ஜூல்/கெல்வின். இந்த மிச்சம் உலகத்தில் எங்கே எதை விளாவினாலும் கூடும். வேறெங்கும் ஈடு கட்டாமல் குறைந்ததே இல்லை. பாட்டி விளாவி வைத்த நீரை வெந்நீராகவும் தண்ணீராகவும் திரும்பப் பிரித்துத் தா என்று கேட்டுப் பாருங்கள், என்ட்ரோபி புரிந்துவிடும்.

டிகாக்ஷனில் பாலை உடனே கலந்து வைத்தால் பத்து நிமிடத்துக்குச் சூடு நிற்குமா, குடிக்கும்போது கலப்பது நல்லதா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

குளிர்ந்த பால் ஊற்றுகிற ஊர்களில் பிறந்த கேள்வி இது. அங்கே பதில், உடனே கலந்துவிடுவது. அதிகச் சூடான பொருள் வேகமாகச் சூட்டை இழக்கும் என்பதால், முதலிலேயே சற்றுத் தணித்துவிட்டால் இழப்பு குறையும். கும்பகோணத்தில் பாலும் பொங்கப் பொங்கத்தானே வருகிறது? அப்போதும் தனித்தனியாக வைப்பதைவிடச் சேர்த்து ஒரே பாத்திரத்தில் மூடிவைத்தால் வெளிப்பரப்பு குறைந்து சூடு நிற்கும். சரிபார்க்க வீட்டில் வெப்பமானியுடன் சமையலறைக்குள் போனேன். விஷயத்தைக் கேட்ட என் மனைவி, "பத்து நிமிடம் கழித்துக் குடிக்கிறவருக்குப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் போயிற்று" என்று சொல்லி வெப்பமானியை வாங்கி அலமாரிமேல் வைத்துவிட்டார்.